குரூப் 4 படிப்பு: உங்கள் சுபாவத்துக்கு எது சரி?

குரூப் 4 எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்றே அறிவுரைகள் வந்து குவியும். கோச்சிங் சேராமல் ஆகாது என்பார் ஒருவர். ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் புத்தகத்தைப் புரட்டினால் போதும் என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர், “நீ பார்த்துப் படிக்கிற ஆளா, கேட்டுப் படிக்கிற ஆளா? முதல்ல அதைக் கண்டுபிடி” என்பார். மூன்றாமவரை மட்டும் இங்கேயே அனுப்பிவிடலாம்.

கண்வழி, காதுவழி, எழுத்துவழி, செய்முறைவழி என்று ஆட்களைப் பிரிக்கும் கேள்விப்பட்டியலைப் பரப்பியவர் நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங். ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். அவரவர் வகைக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாக மனதில் தங்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். சிலருக்கு வீடியோ பிடிக்கும், சிலருக்குப் புத்தகம். அதில் சந்தேகமில்லை. ஆனால் பிடித்த வழியில் படித்ததாலேயே அது பரீட்சை வரைக்கும் நிற்கும் என்று யாரும் காட்டவில்லை.

அப்படியானால் வீடியோவா, புத்தகமா? எதுவானாலும் சரி, மூடிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று காண்டம், முப்பது காதை. புகார்க் காண்டத்தில் 10, மதுரையில் 13, வஞ்சியில் 7. வீடியோக்காரர் இதை ஒரு ஷார்ட்கட்டாகச் சொல்வார். புத்தகக்காரர் மஞ்சள் ஹைலைட்டர் போடுவார். (பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிட்ட புத்தகங்களை எந்த நூலகத்துக்குப் போனாலும் பார்க்கலாம், எது முக்கியம் என்று உரியவருக்கே தெரியாது.) இருவருமே ‘தெரியும்’ என்ற திருப்தியோடு எழுந்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து வெற்றுத்தாளில் எழுதச் சொன்னால் மதுரைக்கு எத்தனை என்பதில் கை நிற்கும். மணிமேகலைக்கும் முப்பது காதைதான் என்பது வேறு வந்து குழப்பும்.

அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது 83 சதவீதம் சொன்னார்கள். ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் 71 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். பின்னவர்களிடம் 61 இருந்தது. மூடிவிட்டு எழுதிப்பார்ப்பது, நாலு நாள் விட்டு மறுபடி எழுதிப்பார்ப்பது ஆகிய இரண்டும் எல்லாச் சுபாவத்துக்கும் பொது. வீடியோதான் பிடிக்கும் என்றால் தாராளமாகப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

சுபாவம் குறுக்கே வருவது, அந்த மேசையில் தினமும் போய் உட்காருவதில்தான். கோச்சிங்கா வீடா என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள். குணங்களையும் மதிப்பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஆர்தர் போரோபட் 2009-இல் வெளியிட்டதில், கெட்டிக்காரத்தனத்தை விட்டுவிட்டுக் குணங்களை மட்டும் பார்த்தால், பொறுப்பும் ஒழுங்குமே மதிப்பெண்ணோடு அதிகம் பொருந்திவந்தன. போன மாதம் நீங்களே போட்ட டைம் டேபிள் முதல் வாரத்தைத் தாண்டியதா? தாண்டியிருந்தால் கோச்சிங் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். சமச்சீர் புத்தகமும் பழைய வினாத்தாளும் போதும். தாண்டவில்லையென்றால், பாடத்துக்காக இல்லாவிட்டாலும் கெடுவுக்காகவாவது ஓர் இடத்தில் சேருங்கள். தானே வைத்துக்கொள்ளும் கெடுவைவிட, பிறர் சீராகப் பிரித்து வைக்கும் கெடு நன்றாக வேலை வாங்கும் என்று டேன் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்ப்ரோக்கும் 2002-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சேர்வதற்குப் பெரிய பணம் கட்ட வேண்டும் என்பதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம்.

தனியாகப் படிப்பதா, சேர்ந்து படிப்பதா? கூச்ச சுபாவக்காரரைக் கூட்டத்தில் தள்ளாதீர்கள். பாட்டு ஓடும்போது படித்துப் புரிந்துகொள்ளும் வேலையில், கலகலப்பானவர்களைவிட அமைதியானவர்களே அதிகம் தடுமாறியதாக 1997-இல் ஆட்ரியன் ஃபர்ன்ஹாமும் பிராட்லியும் கண்டார்கள். இவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு மூலை நாற்காலி போதும். பேச ஆளில்லாமல் புத்தகம் ஓடாதவர்கள் மூன்று பேராகச் சேரலாம். ஆனால் சேர்ந்து ‘படிக்க’ வேண்டாம், கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்துக் கேள்வி, டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விட வேண்டும். கட் ஆஃப் எவ்வளவு வரும், ரிசல்ட் எப்போது என்ற பேச்சு தொடங்கினால் அன்றைய மாலை அவ்வளவுதான்.

டெஸ்ட் பேட்ச்சில் எப்போது சேர்வது என்பதில்தான் பலர் தங்கள் பயத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். “சிலபஸ் முடிச்சிட்டு எழுதுறேன்” என்று தள்ளிப்போடுகிறவர்தான் முதலில் எழுத வேண்டியவர். அவர் வீட்டிலேயே ஒரு பாடத்துக்கு இருபது கேள்வி என்று தொடங்கட்டும். மதிப்பெண் யாருக்கும் தெரிய வேண்டாம். முதல் கவனம் தமிழுக்கு: 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இதற்கு நேர்மாறாக, எல்லாம் தெரியும் என்று தைரியமாக இருப்பவர் வீட்டுத் தேர்வை நம்பக் கூடாது. ஓ.எம்.ஆர். தாளும் மணியும் கண்காணிப்பாளரும் உள்ள ஹாலுக்குப் போகட்டும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 வினாடி, வட்டத்தைக் கறுப்பாக்கும் நேரமும் சேர்த்து.

இரவில் படிப்பவர் இரவிலேயே படிக்கட்டும். ஆனால் பரீட்சை காலை ஒன்பதரைக்கு. கடைசிச் சில வாரமாவது மாதிரித் தேர்வைக் காலையில் எழுதுங்கள்.

மேத்ஸ் 25 கேள்விக்கு இந்தப் பாகுபாடு எதுவுமே வேண்டாம். கூட்டுவட்டிக் கணக்கு இருபதை வரிசையாகப் போட்டால் மூன்றாவதிலிருந்து கை தானாக ஓடும், மூளை வேலை செய்யாது. தனிவட்டி, கூட்டுவட்டி, ஆள்-வேலை-நாள், மீ.சி.ம. என்று கலந்து பத்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று பெயரை மட்டும் ஓரத்தில் குறித்துவிட்டு, பிறகு போடத் தொடங்குங்கள்.