தொழிற்சாலைக்கு ஏற்ற நுண்ணுயிரியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு நொதியையோ வேதிப்பொருளையோ நுண்ணுயிரியைக் கொண்டு தயாரிக்கலாம் என்று முடிவானதும், அந்த வேலையை எந்த உயிரியிடம் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. தேவையான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைக்கலாம்; பேசில்லஸ், ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றிலும் வைக்கலாம். அவற்றில் பல, கொஞ்சமோ அதிகமோ, அந்தப் பொருளைத் தந்தும் விடும். ஆய்வகக் குடுவையில் அவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரியாது. நூறு கன மீட்டர் கலனுக்குப் போகும்போதும், கலனிலிருந்து சரக்கைப் பிரித்தெடுக்கும்போதும்தான் அது தெரியும். மரபணுவை மாற்ற எளிது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உயிரியைப் பிடித்துக்கொண்டு, அதற்கான விலையைப் பிரித்தெடுப்பில் கொடுப்பது இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. பொருள் எந்த வடிவில், எவ்வளவு தூய்மையுடன், என்ன விலைக்கு ஆலையை விட்டு வெளியேறப்போகிறது என்பதை முதலில் எழுதிவைத்து, அங்கிருந்து பின்னோக்கி உயிரிக்கு வருவதே சரியான வழி.

ஒரே நொதி, மூன்று உயிரிகள்

இதை விளக்க கைமோசினை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. பாலைத் திரித்து சீஸ் செய்யப் பயன்படும் இந்த நொதி, முன்பு பால்குடி மறக்காத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. கன்றுகள் போதாமல் போனபோது பல நிறுவனங்கள் மரபணு வழியில் இறங்கின. 1990-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஃபைசர் நிறுவனத்தின் கைமோசினுக்கு ஒப்புதல் தந்தது. மரபணு மாற்றிய நுண்ணுயிரியிலிருந்து உணவுக்காக அங்கு ஏற்கப்பட்ட முதல் நொதி அது. அதைத் தயாரித்தது ஈ.கோலை.

ஈ.கோலை புரதத்தை ஏராளமாகச் செய்தது, வெளியே அனுப்பவில்லை. கைமோசினின் வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பவை மூன்று கந்தகப் பிணைப்புகள். ஈ.கோலையின் உட்புறச் சூழலில் அத்தகைய பிணைப்புகள் எளிதில் உருவாவதில்லை. அதனால் புரதம் சரியாக மடியாமல், செல்லுக்குள் கட்டிகளாகத் திரண்டது. செல்லை உடைத்து, கட்டிகளைப் பிரித்து, யூரியா போன்றவற்றில் கரைத்து, மெல்ல மெல்ல மீண்டும் மடியச் செய்த பிறகே நொதி கிடைத்தது. ஹாலந்தின் கிஸ்ட்-ப்ரோகேட்ஸ் நிறுவனம் க்ளுய்வெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்டைத் தேர்ந்தெடுத்தது. பால் சர்க்கரையை உண்ணும் இந்த ஈஸ்ட், கைமோசினின் முன்வடிவத்தை ஒழுங்காக மடித்து வெளியே சுரந்துவிடுகிறது. செல்லை வடிகட்டி, திரவத்தை அமிலமாக்கினால் முன்வடிவம் தானாகவே வேலை செய்யும் நொதியாக மாறுகிறது.

மூன்றாவதாக வந்தது அஸ்பர்ஜில்லஸ் நைஜர் வகைப் பூஞ்சை. தொடக்கத்தில் அது மிகக் குறைவாகவே சுரந்தது. ஜெனென்கோர் நிறுவன ஆய்வாளர்கள், அந்தப் பூஞ்சை இயல்பாகவே ஏராளமாகச் சுரக்கும் குளுக்கோஅமைலேஸின் மரபணுவுடன் கைமோசின் மரபணுவை ஒட்டவைத்தனர். விளைச்சல் பல மடங்கு உயர்ந்தது. பூஞ்சையின் சொந்தப் புரதச் சிதைப்பு நொதியை நீக்கியதும், திரிபு ஏற்படுத்திச் சலித்தெடுத்ததும் அதை மேலும் உயர்த்தின. இன்று சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இந்த ஈஸ்டிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் வருபவையே. முதலில் ஒப்புதல் வாங்கிய ஈ.கோலை வழி பின்தங்கிவிட்டது. மருந்துக்கான இன்சுலினில் நடந்தது வேறு. அதே ஈ.கோலையில் செய்த மனித இன்சுலின் 1982-ல் சந்தைக்கு வந்து நிலைத்தது. ஒரு கிராமுக்குக் கிடைக்கும் விலை, உடைத்துக் கரைத்து மடிக்கும் செலவைத் தாங்கியதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

தொழில்துறை நொதிகளுக்கு

சலவைத்தூள், ஜவுளி, மாவுச்சத்து, தீவனம் ஆகியவற்றுக்கான நொதிகள் கிலோக்கணக்கில் மலிவாக விற்பவை. இவற்றுக்கு, தானாக வெளியே சுரக்காத உயிரியைப் பெரும்பாலும் பரிசீலிக்கவே தேவையில்லை. போட்டி பேசில்லஸ், இழைப்பூஞ்சை, பிக்கியா ஈஸ்ட் ஆகிய மூன்றுக்கிடையில்தான்.

பேசில்லஸ் இனங்களுக்கு ஈ.கோலையைப் போல் வெளிச்சவ்வு கிடையாது. ஒரு சவ்வைக் கடந்தால் புரதம் ஊடகத்தில் கலந்துவிடுகிறது. லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் சுரக்கும், ஆலைகளுக்கென உருவாக்கிய வகைகள் உண்டு. சலவைத்தூளின் காரப் புரதச் சிதைப்பு நொதியும், மாவைக் கரைக்கும் ஆல்ஃபா அமைலேஸும் இதன் கோட்டை. ஈ.கோலையின் வெளிச்சவ்வில் உள்ள நச்சான எண்டோடாக்சின் இதில் இல்லை, வளர்ச்சி வேகமானது, ஊடகம் மலிவானது. குறை என்னவென்றால், பேசில்லஸ் கூடவே புரதச் சிதைப்பு நொதிகளையும் சுரக்கிறது. இன்னொரு உயிரியின் நொதியை இதில் செய்தால், வெளியே வந்ததும் அது துண்டாகிவிடலாம். அதற்காகவே எட்டு வெளிப்புறச் சிதைப்பு நொதிகளை நீக்கிய டபிள்யூ.பி.800 போன்ற வகைகள் உருவாக்கப்பட்டன. வித்துகள் (ஸ்போர்) உருவாக்கும் திறனையும் ஆலை வகைகளிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் வெப்பத்துக்கு அடங்காத வித்துகள் குழாய்களில் தங்கிவிடும். நொதி பாக்டீரியாவிலிருந்து வந்ததாகவும், சர்க்கரை ஒட்டுகள் தேவைப்படாததாகவும் இருந்தால் முதலில் பேசில்லஸைச் சோதிப்பதே நல்லது.

பூஞ்சையிலிருந்து வந்த நொதி பூஞ்சையிலேயே நன்றாக விளையும். 1988-ல் வந்த லிபோலேஸ் இதற்குச் சான்று. ஹியூமிகோலா என்ற பூஞ்சையின் கொழுப்புச் சிதைப்பு நொதியை நோவோ நிறுவனம் அஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயில் வைத்துச் சலவைத்தூளுக்குக் கொண்டுவந்தது. மூலப் பூஞ்சை தந்த அளவு மிகச் சொற்பமாக இருந்ததால் இடமாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று. ஒரைசே ஜப்பானில் நூற்றாண்டுகளாக மிசோவும் சாக்கேயும் செய்யப் பயன்படுவது. உணவு ஒப்புதலில் அந்தப் பின்னணி பெரிய பலம்.

சுரப்பின் அளவில் முன்வரிசையில் நிற்பது டிரைக்கோடெர்மா ரீசே. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணிகளை அரித்துத் தின்ற பூஞ்சை இது. அன்று தனிமைப்படுத்தப்பட்ட ஒரே ஒரு வகையின் வழித்தோன்றல்கள் இன்று லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் புரதம் சுரக்கின்றன. அதன் இயல்பான சரக்கு, செல்லுலோஸைச் சிதைக்கும் நொதிக் கலவை. திருப்பூரில் பின்னலாடைத் துணியின் மேல் எழும்பி நிற்கும் பஞ்சிழைகளை நீக்கும் பயோபாலிஷ் வேலையைச் செய்வது இந்த வகை நொதிதான். செல்லுலேஸ் தேவையென்றால் வேறு உயிரியைத் தேட வேண்டியதில்லை. வேறு நொதி தேவையென்றால், சொந்தச் செல்லுலேஸ் மரபணுக்களை நீக்கிய வகையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூஞ்சைகளுக்கான விலை, காலமும் கலக்கலும். ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகிறது. அதில் ஒரு மரபணு மாற்றத்தைச் சோதிக்கச் சில நாள் போதும். பூஞ்சையில் ஒவ்வொரு செல்லிலும் பல உட்கருக்கள் இருப்பதால், எல்லாவற்றிலும் மாற்றம் ஏறிய தூய வகையைப் பிரித்தெடுக்கவே வாரங்கள் ஆகலாம். பெரிய கலனில் இழைகள் பின்னிக் கூழாகத் தடித்துவிடும். ஆக்சிஜனை உள்ளே செலுத்த மோட்டார் மின்சாரத்தை விழுங்கும்.

பிக்கியா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1970-களில் மெத்தனாலிலிருந்து தீவனப் புரதம் தயாரிக்க ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் வளர்த்த ஈஸ்ட் இது. எண்ணெய் விலை உயர்வு அந்தத் திட்டத்தைக் குலைத்தாலும், உயிரியும் அதன் வளர்ப்பு முறையும் மிஞ்சின. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் உலர் எடை வரும் அளவுக்குச் செல்கள் அடர்த்தியாக வளரும். தன் சொந்தப் புரதங்களைச் சிறிதளவே சுரக்கும். ஆகவே ஊடகத்தில் கிடைப்பது ஏறத்தாழ வேண்டிய நொதி மட்டுமே. தீவன ஃபைட்டேஸ் போன்றவற்றுக்கு இது சிறந்த தேர்வு. ஆனால் அதன் புகழ்பெற்ற மரபணு விசை மெத்தனாலால் திறப்பது. மெத்தனால் தீப்பற்றக்கூடியது, அதை உண்ணும்போது செல் சர்க்கரையைவிட அதிக ஆக்சிஜன் கேட்கும், அதிக வெப்பம் உமிழும். தீத்தடுப்பு வசதியும் குளிர்விப்புத் திறனும் இல்லாத ஆலை, மெத்தனால் வேண்டாத மாற்று விசைகளைக் கொண்ட பிக்கியா வகைகளையே பார்க்க வேண்டும்.

வேதிப்பொருள்களுக்கு

சிறிய மூலக்கூறுகளுக்கு வந்தால் அளவுகோல் மாறுகிறது. இங்கே சர்க்கரைதான் பெரிய செலவு. ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 0.51 கிலோ எத்தனால்தான் கிடைக்கும் என்பதுபோல, ஒவ்வொரு பொருளுக்கும் வேதியியல் விதிக்கும் உச்சவரம்பு உண்டு. மலிவான பொருளில் அந்த வரம்பை எவ்வளவு நெருங்குகிறோம் என்பதே லாபநட்டத்தைத் தீர்மானிக்கும். அடுத்து லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது. நீர்த்துப்போன கரைசலிலிருந்து தண்ணீரை ஆவியாக்கும் செலவு யாரையும் விட்டுவைப்பதில்லை. உற்பத்தி வேகம் கலனின் அளவை, அதாவது முதலீட்டை, நிர்ணயிக்கிறது.

ஈ.கோலை தோற்ற இடத்தைச் சொன்ன பிறகு அது வென்ற இடத்தையும் சொல்ல வேண்டும். துணி இழைக்கான 1,3-புரோபேன்டையால் அதற்குச் சிறந்த சான்று. டூபாண்டும் ஜெனென்கோரும் ஈஸ்டிலிருந்து கிளிசரால் உருவாக்கும் மரபணுக்களையும், க்ளெப்சியெல்லாவிலிருந்து அதை டையாலாக மாற்றும் மரபணுக்களையும் ஈ.கோலைக்குள் சேர்த்து, அது சர்க்கரையை உள்ளிழுக்கும் முறையையே மாற்றியமைத்து, லிட்டருக்கு 135 கிராம் வரை எட்டினர். 2006-ல் டென்னசியின் லவுடனில் ஆலை ஓடத் தொடங்கியது. பொருள் நடுநிலையானது, தானாக செல்லைவிட்டு வெளியேறுவது, காய்ச்சி வடிக்கக்கூடியது. வளர்சிதைப் பாதையைத் திருத்தும் எளிமை தவிர வேறெதையும் உயிரியிடம் கேட்காத இத்தகைய பொருளுக்கு ஈ.கோலையே முதல் தேர்வு.

அமிலம் என்றால் கணக்கு வேறு. ஈ.கோலை ஏறத்தாழ நடுநிலை பி.எச். அளவில்தான் செழிக்கும். அது அமிலத்தை உருவாக்க உருவாக்க காரம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிவில் கையில் இருப்பது அமிலம் இல்லை, அதன் உப்பு. கந்தக அமிலத்தால் அதை மீட்டால் ஜிப்சம் குவியும். சுண்ணாம்பு வழியில் ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் என்பது எளிய வேதிக் கணக்கு. ஈஸ்ட் பி.எச். 3-லும் தாக்குப்பிடிப்பதால் இந்தச் சுழலிலிருந்து விடுவிக்கிறது. சக்சினிக் அமிலத்தில் பல நிறுவனங்கள் வெவ்வேறு உயிரிகளில் ஒரே காலத்தில் பணம் போட்டன. மிரியன்ட் ஈ.கோலையையும், பி.ஏ.எஸ்.எஃப்-கார்பியன் கூட்டு நிறுவனம் பாஸ்ஃபியா என்ற பாக்டீரியாவையும், டி.எஸ்.எம்-ரோகெட் கூட்டு நிறுவனம் அமிலம் தாங்கும் ஈஸ்டையும் எடுத்தன. பயோஆம்பர் பிரான்சில் ஈ.கோலையில் தொடங்கி, கனடாவின் சார்னியா ஆலைக்கு ஈஸ்டுக்கு மாறியது. உயிரித் தேர்வைப் பொறுத்தவரை அது சரியான நகர்வு. இருந்தும் அந்நிறுவனம் 2018-ல் திவாலானது. உயிரி சரியாக அமைந்தாலும் பெட்ரோலிய வழிச் சரக்கின் விலையோடு மோத வேண்டியிருக்கும் என்பதைத் தேர்வுக்கு முன்பே கணக்கில் எடுக்க வேண்டும்.

தாவரங்களிலிருந்து கிடைக்கும் பொருள்களில் இன்னொரு எல்லைக்கோடு உண்டு. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் முன்பொருளான அமோர்ஃபடையீனை ஈ.கோலை லிட்டருக்கு 25 கிராமுக்கு மேல் தந்தது. அடுத்த படிக்குத் தேவையான பி450 நொதியோ செல்லின் உட்சவ்வில் ஒட்டி வேலை செய்யும் வகை; பாக்டீரியாவில் அது சரிவர இயங்கவில்லை. பெர்க்லியின் ஜே கீஸ்லிங் குழுவும் அமைரிஸ் நிறுவனமும் ஈஸ்டை நாடி, 2013-ல் ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை லிட்டருக்கு 25 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தனர். பாதையில் பி450 நொதி இருந்தால் ஆரம்பத்திலேயே ஈஸ்டுக்குப் போவது பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

அமினோ அமிலங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 1950-களில் ஜப்பானின் கியோவா ஹக்கோவில் கண்டறியப்பட்ட கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம், குளுட்டமேட்டையும் லைசினையும் இன்றும் லட்சக்கணக்கான டன்களில் தருகிறது. திரியோனினுக்கு ஈ.கோலை. சிட்ரிக் அமிலத்துக்கு, 1919 முதல் ஆலையில் ஓடும் அஸ்பர்ஜில்லஸ் நைஜர். கொழுப்புப் பொருள்களுக்கு எண்ணெய் சேர்க்கும் ஈஸ்டான யாரோவியா.

ஆலைத் தரையில்

பாக்டீரியாவைத் தேர்ந்தெடுப்பவர் அதன் வைரஸ்களையும் சேர்த்தே வாங்குகிறார். அசிட்டோன்-பியூட்டனால் தயாரித்த அமெரிக்காவின் டெர்ரெ ஹோட் ஆலையை 1923-லேயே ஃபேஜ் தொற்று முடக்கியது. ஈ.கோலை ஆலைகளுக்கும் அந்த ஆபத்து தீரவில்லை. ஈஸ்ட், பூஞ்சை ஆலைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

வெப்பம், வெயில் நாட்டு ஆலைகள் தனியாக எடைபோட வேண்டிய விஷயம். செல்கள் ஆக்சிஜன் உண்ணும் அளவுக்கு வெப்பம் உமிழும்; ஒரு மோல் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல். டிரைக்கோடெர்மா 28 டிகிரியையும், பிக்கியாவும் கோரினிபாக்டீரியமும் 30 டிகிரியையும் விரும்புபவை. குளிர்கோபுரத் தண்ணீரே 30 டிகிரிக்கு வரும் சென்னையில் இவற்றை ஓட்ட சில்லர் இல்லாமல் முடியாது. 37 டிகிரியில் வளரும் ஈ.கோலையும் பேசில்லஸும் அந்த மின்கட்டணத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். வெளிநாட்டு ஆலையின் செலவுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வோர் இதைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள்.

மரபணுவை எங்கே வைப்பது என்பதும் உயிரித் தேர்வின் பகுதியே. ஒரு மில்லிலிட்டர் விதை வளர்ப்பு நூறு கன மீட்டராகப் பெருக, கொள்ளளவை மட்டும் பார்த்தாலே சுமார் 27 இரட்டிப்புகள் வேண்டும். பிளாஸ்மிடில் வைத்த மரபணு அந்தத் தலைமுறைகளில் தொலைந்துபோகலாம். அதைத் தக்கவைக்க ஆன்டிபயாட்டிக் சேர்ப்பது செலவு மட்டுமின்றி ஒப்புதலுக்கும் தடை. குரோமோசோமில் மரபணுவை நிலையாகச் செருக வசதியுள்ள ஈஸ்ட், பூஞ்சை, பேசில்லஸ் ஆகியவை இதில் முந்துகின்றன. மரபணுத் திருத்தக் கருவியான கிரிஸ்பர் வந்தபின் மற்றவையும் நெருங்கிவருகின்றன.

உணவிலோ தீவனத்திலோ சேரப்போகும் பொருளுக்கு, நீண்டகாலம் பாதுகாப்பாகப் பயன்பட்ட வரலாறுள்ள உயிரியை எடுத்தால் ஆவண வேலை குறையும். இந்தியாவில் மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாள்வது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1989 விதிகளுக்கு உட்பட்டது.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தினால், முதல் கேள்வி பொருள் புரதமா சிறு மூலக்கூறா என்பது. புரதம் என்றால் விலையும், சுரப்பு தேவையா என்பதும், அதன் மூல உயிரி எந்தக் குடும்பம் என்பதும். சிறு மூலக்கூறு என்றால் அது அமிலமா என்பதும், பாதையில் சவ்வு நொதி உண்டா என்பதும். இதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு உயிரிகளே மிஞ்சும். அந்த இரண்டையும் ஆலையில் உண்மையில் பயன்படப்போகும் மொலாசஸிலும் தண்ணீரிலும் சிறு கலனில் இணையாக ஓட்டி, பிரித்தெடுப்பு முடிந்த பிறகு கிலோவுக்கு ஆன செலவை ஒப்பிட வேண்டும். தூய குளுக்கோஸில் கிடைத்த எண்களைக் கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது. மொலாசஸின் உப்புகளும் நிறப்பொருள்களும் வெற்றிபெற்ற உயிரியைத் தோற்கடித்துவிடக்கூடும்.