படமும் வலியும்

கேள்வி: மாடிப்படி ஏறினால் முழங்கால் வலியில் உயிர் போகிறது, எக்ஸ்ரே படத்திலோ தேய்மானம் சொற்பம் என்கிறார் டாக்டர். எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்புங்கள். இங்கிலாந்தில் கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இரு வைத்தியர்கள், எலும்பின் விளிம்பில் முள்போல் துருத்தும் வளர்ச்சியையும், குருத்தெலும்பு தேயத் தேயக் குறுகிவரும் மூட்டிடைவெளியையும் படத்தில் உற்றுநோக்கி, பூஜ்யம் முதல் 4 வரை படித்தரம் வகுத்து 1957-இல் வெளியிட்ட முறையையே ஆராய்ச்சியாளர்கள் இன்றளவும் கையாளுகின்றனர். ஆயினும் குருத்தெலும்பு படத்தில் விழுவதில்லை. இடைவெளியைக் கொண்டு அதனை அனுமானிக்கிறோம், அவ்வளவே. அதற்கு நரம்பும் இல்லை. வேதனை பிறப்பது மூட்டைச் சூழ்ந்த சவ்வின் அழற்சி முதலிய பிற காரணங்களால். ஆகையினாலேயே நோயாளியின் வாய்மொழிக்கும் பிரமாணமாக மதிப்பளித்து, கனடாவில் வோமாக் என்ற 24 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலை 1980-களில் இயற்றினார்கள். தாங்கள் சொல்லும் மாடிப்படியும் அதில் ஒரு கேள்வி.