முதியோர் பார்வையும் ஸ்டெம் செல் சோதனையும்

முதுமையில் பார்வை மங்குவதெல்லாம் கண்புரை அல்ல. புரையானால் அகற்றி லென்ஸ் வைத்துவிடலாம். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா கெட்டால், எதிரே நிற்பவரின் முகமே மறையும். ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும். விழித்திரையைப் போஷிக்கும் அடியிலுள்ள நிறமிச் செல்கள் மடிவது இதில் முக்கிய பங்கு வகிக்கிறது.

2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில், டாக்டர் மசாயோ தகாஹாஷியின் குழு, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் தோல் செல்களை, எவ்வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றியது. அவற்றிலிருந்து நிறமிச் செல்களை வளர்த்து, மெல்லிய தகடாக ஒரே கண்ணில் பொருத்தினார்கள். ஓராண்டுக்குப் பின்னும் தகடு நிலைத்திருந்தது. பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை. இதென்ன பலன் என்பீர்கள். முதலில் அறிய வேண்டியிருந்தது ஆபத்து உண்டா என்பதே. இரண்டாம் நோயாளிக்கென வளர்த்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரியவே, 2015-ல் நிறுத்திவிட்டார்கள். காத்திருந்தவருக்கு எவ்வளவு ஏமாற்றம்!

இந்த முடிவு 2017-ல் வெளியான அதே மருத்துவ இதழில் வேறொரு அறிக்கையும் இருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் 3 மூதாட்டிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரே நாளில் இரு கண்களிலும் செலுத்தியிருந்தார்கள். மூவரும் ஏறக்குறைய பார்வையிழந்தார்கள்.

ஆகவே "ஸ்டெம் செல் ஊசி" என்று யாராவது அழைத்தால், அனுமதி பெற்ற சோதனைதானா, பணம் கேட்கிறார்களா, இரு கண்ணையும் ஒன்றாகத் தொடுவார்களா என்று முதலில் கேளுங்கள்.