நடைபாலம் சின்னப் பாலம் அல்ல



பாலம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது பாம்பன் பாலமும் நெடுஞ்சாலை மேம்பாலங்களும்தான். வாய்க்காலுக்குக் குறுக்கே ஆள் நடக்கவும் சைக்கிள் போகவும் மட்டும் கட்டுகிற சிறு பாலத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "லாரியா போகப் போகுது? நாலு ஆள்தானே நடக்கப் போறாங்க!" என்ற எண்ணம்தான் காரணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக அப்படியொரு பாலத்தை டிசைன் செய்ய உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு தப்பான எண்ணம் என்று புரிந்தது. நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

பூசாரி தாத்தா கேட்ட கேள்வி

எங்கள் ஊரின் நடுவே பாசன வாய்க்கால் ஓடுகிறது. இக்கரையில் வீடுகள். அக்கரையில் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அம்மன் கோயில். தண்ணீர் திறந்துவிட்டால் இரண்டு தென்னைமரங்களைக் குறுக்கே போட்டு, கைப்பிடிக்கு ஒரு மூங்கிலைக் கட்டி வைப்பார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். மழை பெய்தால் மரத்தில் பாசி பிடித்துவிடும். வழுக்கி விழுந்து, யாரோ குதித்துத் தூக்கிய பிள்ளைகளில் என் தங்கையும் ஒருத்தி. அதனால்தான் இந்தப் புராஜெக்ட்டை எடுத்தேன்.

பாலத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 2 மீட்டர் என்று முடிவாயிற்று. நான் போட்ட லோடு கணக்கு இதுதான்: ஒரே நேரத்தில் 10 பேர், ஆளுக்கு 60 கிலோ, 4 சைக்கிள், ஒன்றுக்கு 20 கிலோ, மொத்தம் 680 கிலோ. "ஒரு டன்னுக்கு டிசைன் பண்ணினா தாராளம்" என்று எழுதிக்கொண்டு போய் எங்கள் சாரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. "ஊருக்குப் போய்ப் பெரியவங்க கிட்ட காட்டிட்டு வாப்பா" என்று மட்டும் சொன்னார்.

காட்டினேன். கோயில் பூசாரி தாத்தா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன் தம்பி, பத்துப் பேருன்னு எழுதியிருக்கியே, சாமி புறப்பாடு அன்னிக்கு என்ன பண்ணுவ? ஊரே பாலத்து மேலதான் நிக்கும்!"

அன்று இரவு ஐ.ஆர்.சி. 6 விதித்தொகுப்பைப் பிரித்துப் பார்த்தேன். தாத்தாவின் கேள்வி அதிலேயே இருந்தது. நடப்போருக்கான பகுதிக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ எடுக்க வேண்டும். யாத்திரைத் தலங்கள், திருவிழாக்கூட்டம் சேரும் ஊர்களை ஒட்டிய பாலமென்றால் 500 கிலோ எடுக்க வேண்டும்.

கூட்டமும் ஒரு லாரிதான்

500 கிலோ என்றால் ஒரு சதுர மீட்டரில் ஏழெட்டுப் பேர். காலை நேர எலக்ட்ரிக் டிரெயினில் வாசலருகே நின்றவர்களுக்கு அது நடக்கிற காரியம்தான் என்று தெரியும். எங்கள் பாலத்தின் பரப்பு 12 × 2 = 24 சதுர மீட்டர். 24 × 500 = 12,000 கிலோ. அதாவது 12 டன்! சரக்கு ஏற்றிய இரண்டு 407 வண்டிகளைப் பாலத்தின் மேல் நிறுத்தியதற்குச் சமம். நான் போட்டது 680 கிலோ. பதினேழு மடங்குக்கு மேல் தப்பு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வண்டிகளுக்கு இடையில் இடைவெளி இருக்கும். மனிதர்களுக்கு நடுவில் இடைவெளியே இருக்காது. அதுவும் ஆபத்து நேரத்தில், வேடிக்கை பார்க்கும் நேரத்தில், ஊரே ஒரே இடத்தில் வந்து குவியும். தினசரி போகிற பத்துப் பேருக்காகப் பாலம் கட்டக்கூடாது. வருஷத்தில் ஒரு நாள் வரும் கூட்டத்துக்காகக் கட்ட வேண்டும்.

உடையாத பாலமும் தோற்கலாம்

இனி கர்டர். இரண்டு கர்டர்கள். ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலத்தின் சுமையைத் தாங்கும். கூட்டத்தின் சுமை மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோநியூட்டன். கர்டர், செக்கர்ட் பிளேட், கைப்பிடி எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 கிலோநியூட்டன். ஆக 7.

"டபிள்யூ எல் ஸ்கொயர் பை எயிட்" நமக்குத் தூக்கத்திலும் வரும். 7 × 12 × 12 ÷ 8 = 126 கிலோநியூட்டன் மீட்டர். இன்றைய ஐ.எஸ். 800 (2007) லிமிட் ஸ்டேட் முறையைச் சொல்கிறது. எளிதாகப் புரிவதற்காகப் பழைய முறையில் அனுமதித் தகைவு 165 என்று எடுத்தால், தேவையான செக்ஷன் மாடுலஸ் 764 கன செ.மீ. ஸ்டீல் டேபிளில் ஐ.எஸ்.எம்.பி. 350-க்கு 779 இருக்கிறது. "பாஸ்!" என்று துள்ளினேன். (மேல் ஃபிளேஞ்ச் பக்கவாட்டில் சாயாமல் குறுக்குப் பீம்கள் பிடித்திருந்தால்தான் இந்த 165 செல்லும் என்பதை மறக்கக் கூடாது.)

சார் கேட்டார்: "டிஃப்லெக்ஷன் பாத்தியா?"

பார்த்தேன். கூட்டத்தின் சுமைக்கு மட்டும் 49.5 மி.மீ. தொய்கிறது. நடைபாலங்களுக்கு அமெரிக்காவின் ஆஷ்டோ வழிகாட்டி நீளத்தில் 360-ல் ஒரு பங்கு வரைதான் அனுமதிக்கிறது. 12,000 ÷ 360 = 33.3 மி.மீ. ஃபெயில்! ஐ.எஸ்.எம்.பி. 400 போட்டால் 33.0 மி.மீ. மயிரிழையில் பாஸ். கர்டருக்குச் சுமார் 110 கிலோ ஸ்டீல் கூடுகிறது. பாலம் உடையாமலிருக்க 350 போதும். நடப்பவர் பயப்படாமலிருக்க 400 வேண்டும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஏன் இந்தப் பயம்? மனிதன் வெறும் எடை அல்ல, தாளம் போடுகிற எடை. சாதாரணமாக நடக்கும்போது வினாடிக்குச் சுமார் 2 அடி வைக்கிறோம். பாலத்தின் இயல்பு அதிர்வும் அதே அளவில் இருந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே மேல்கீழ் அதிர்வு 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரக்கூடாது என்கிறது அதே ஆஷ்டோ வழிகாட்டி. இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பாலத்தின் சொந்த எடைக்கு வரும் தொய்வை மி.மீ.-ல் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 18-ஐ வகுத்தால் போதும். எங்கள் பாலத்துக்குத் தொய்வு 13.2 மி.மீ.; விடை ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ். நிம்மதி.

1831-ல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம் சிப்பாய்கள் அணிவகுத்து நடந்தபோது சரிந்தது. அதன்பின் பாலங்களில் தாளம் கலைந்து நடக்கும்படி ராணுவத்தில் உத்தரவு வந்தது. "அது பழைய காலம்" என்று சொல்லிவிட முடியாது. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, இரண்டே நாளில் மூடப்பட்டது. அது ஆடியது மேல்கீழாக அல்ல, பக்கவாட்டில். நாம் நடக்கும்போது ஒவ்வொரு காலும் பாலத்தைச் சற்று இடப்பக்கமும் வலப்பக்கமும் தள்ளுகிறது. பாலம் லேசாக ஆடியதும், விழாமலிருக்க எல்லோரும் அந்த ஆட்டத்துக்கு ஏற்ப அடி வைத்தார்கள். ஆட்டம் இன்னும் கூடியது. அதிர்வடக்கிகள் பொருத்தி மறுபடி திறக்க 2002 பிப்ரவரி ஆகிவிட்டது. ஆகப் பக்கவாட்டுக் குறுக்குக் கம்பிகளை "செலவு" என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

சைக்கிள்காரர் பார்வையில்

சைக்கிள் ஓட்டிப் பார்க்காதவர் சைக்கிள் பாலம் டிசைன் செய்யக்கூடாது என்பேன். எதிரெதிரே இரண்டு சைக்கிள் போக 2 மீட்டர் என்பது குறைந்தபட்சம். பலகைத் தளமென்றால் பலகைகளைப் பயணத் திசைக்குக் குறுக்கேதான் அடிக்க வேண்டும். நீளவாக்கில் அடித்தால் இடுக்கில் டயர் மாட்டி, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ஏறும் சரிவு 20-க்கு 1 என்றால் மிதித்தே ஏறலாம். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1-க்கு மேல் செங்குத்தாகப் போகக்கூடாது. படிக்கட்டு வைத்தால் பாட்டிக்கும் கஷ்டம், பால்காரருக்கும் கஷ்டம்.

கைப்பிடி நடப்பவருக்கு 1.1 மீட்டர் உயரம். சைக்கிளில் உட்கார்ந்தவரின் எடைமையம் உயரத்தில் இருப்பதால் 1.4 மீட்டர் வைக்கிற நாடுகளும் உண்டு. கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையக்கூடாது, 10 செ.மீ. போதும். இரு முனையிலும் ஒரு கம்பம் நட வேண்டும். இல்லாவிட்டால் அறுவடைக் காலத்தில் டிராக்டர் ஏறிவிடும். "ஒரு தடவைதானே" என்பார்கள்!

வாய்க்காலையும் கேட்க வேண்டும்

நடுவில் ஒரு தூண் வைத்து ஆறு ஆறு மீட்டராகப் பிரித்தால் கர்டர் பாதியாகிவிடும் என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஆகாயத்தாமரை வருகிற வாய்க்காலில் நடுத்தூண் என்பது நாமே கட்டுகிற அணை. குப்பை சேரும், தண்ணீர் ஏறும், தூணடியில் மண் அரிக்கும். எனவே ஒரே தாவல்தான். வெள்ளம் எதுவரை வந்தது என்பதைச் சுவரில் படிந்த கறையும் ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள். வினாடிக்கு 3 முதல் 30 கன மீட்டர் வரை ஓடும் வாய்க்காலுக்கு அந்த மட்டத்துக்கு மேல் 600 மி.மீ. இடைவெளி விடச் சொல்கிறது ஐ.ஆர்.சி. கரைச்சுவரின் அஸ்திவாரம் மண் அரிப்புக்குக் கீழே போக வேண்டும். பாலம் விழுவது பெரும்பாலும் மேலேயிருந்து அல்ல, அடியிலிருந்து.

அகலமான ஆறு என்றால்?

அங்கே கம்பிவடத் தொங்குபாலம்தான் கைகொடுக்கும். நேபாள மலைக்கிராமங்களில் ஆயிரக்கணக்கில் இவை உண்டு. பலவற்றில் கிராம மக்களே கல்லும் மணலும் சுமந்து கட்டுகிறார்கள். கர்நாடகத்தின் சுள்ளியாவைச் சேர்ந்த கிரீஷ் பாரத்வாஜ், மெக்கானிக்கல் இன்ஜினீயர். 1989-ல் அரம்பூரில் பயஸ்வினி ஆற்றின் குறுக்கே ஒரு தொங்கு நடைபாலம் அமைத்தார். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களைக் கட்டி, 2017-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் வடத்தின் இழுவிசையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் தொய்வு, மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் சுமை என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சுமை 30 டன்தான். ஆனால் கிடைமட்ட இழுவிசை 5 × 60 × 60 ÷ (8 × 3) = 750 கிலோநியூட்டன், அதாவது 75 டன்! "பார்க்க அழகா நேரா இருக்கட்டும்" என்று தொய்வை 1.5 மீட்டராக்கினால் அது 150 டன்னாகிவிடும். அத்தனையும் கரையில் புதைத்த நங்கூரக் கட்டையின் தலையில் விழுகிறது.

திறப்பு விழாவுக்குப் பிறகு

குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பழுதுபார்த்து 2022 அக்டோபர் 26-ல் மறுபடி திறந்தார்கள். அக்டோபர் 30, விடுமுறை நாள் மாலை, கூட்டத்தோடு ஆற்றில் அறுந்து விழுந்தது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகள் பலர். சிறப்புப் புலனாய்வுக் குழு பார்த்தபோது, பிரதான வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்தன. பழுதுபார்த்தபோது தளத்தை மாற்றியிருந்தார்கள், வடத்தை மாற்றவில்லை.

நண்பர்களே, இந்த ஒரு செய்தியில் நம் பாடம் முழுவதும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தளத்துக்குப் பெயிண்ட் அடிப்பது எளிது. சுமையைத் தாங்கும் பாகம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். எங்கள் புராஜெக்ட் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் டிராயிங் கிடையாது. ஒரு பட்டியல்தான் இருக்கிறது: மழைக்கு முன் ஒரு முறை, திருவிழாவுக்கு முன் ஒரு முறை, யார் எந்த போல்ட்டைத் தட்டிப் பார்ப்பது, எங்கே துரு பார்ப்பது, எந்த வடிகால் துளையில் மண் அள்ளுவது. அதைப் படித்த பூசாரி தாத்தா, "இதை மட்டும் தனியா எழுதிக் குடு தம்பி, கோயில் சுவத்துல ஒட்டிடறேன்" என்றார். சார் போட்ட மார்க்கைவிட எனக்கு அதுதான் பெரிது.

டிராயிங்கையும் எஸ்டிமேட்டையும் கிராமசபையில் கொடுத்திருக்கிறோம். பாலம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தென்னைமரம் இன்னும் கிடக்கிறது. லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர் நடைபாலத்தின் மேல் ஒரு முறை நடந்துவிட்டு, பிறகு கீழே இறங்கி அண்ணாந்து பாருங்கள். கர்டரின் அடி ஃபிளேஞ்ச், போல்ட், கரைச்சுவரின் பாதம் இவை மூன்றையும் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் பஞ்சாயத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். டிப்ளமோ கையில் வருவதற்கு முன்பே நாம் செய்யக்கூடிய முதல் இன்ஜினீயரிங் வேலை அதுதான்.



— இறுதியாண்டு மாணவன், அமைப்பியல் துறை