உண்டியலை அரசு எண்ணலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் உண்டியல் திறந்தால் அறநிலையத் துறை அதிகாரி முன்னிலையில்தான் எண்ணுகிறார்கள். அரசு மதச்சார்பற்றது என்றால் அதற்குக் கோயிலில் என்ன வேலை? மசூதியையும் தேவாலயத்தையும் மட்டும் தொடாமல் விடுவது என்ன நியாயம்?
- கும்பகோணம் வாசகர்

பதில்: கோயிலின் கணக்கைப் பார்ப்பது அரசின் வேலைதான். கோயிலைத் தானே நடத்திக்கொண்டே இருப்பது அதன் வேலையல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை முடியாமல் நீள்கிறது.

கோயில் கணக்கை அரசு பார்ப்பது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வழக்கமும் அல்ல. 1817இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை மாகாணத்துக் கோயில், மசூதிச் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரக வழிபாட்டுக்குத் துணைபோவதா என்று மிஷனரிகள் எதிர்க்கவே, 1840களில் கையை விலக்கிக்கொண்டது. கேட்க ஆளில்லாமல் போனதும் கோயில் நிலங்கள் பல ஊர்களில் கைமாறின. அதைத் தடுக்கத்தான் 1925இல், பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சி இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம்.

அரசியலமைப்பும் இப்படி ஒரு கோட்டைப் போடுகிறது. சமய விவகாரங்களை அந்தந்த மதப் பிரிவே நடத்திக்கொள்ளலாம்; சொத்தைச் சட்டப்படி நிர்வகிக்க வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. மதத்தோடு ஒட்டிய பணவிவகாரங்களை ஒழுங்குபடுத்தவும், பொதுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடவும் 25ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1939இல் விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றபோது, அந்த நுழைவு நிலைக்கச் சட்டத்தின் துணை தேவைப்பட்டது. அரசு ஒதுங்கியே நின்றிருந்தால் அந்தக் கதவுகள் எப்போது திறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக அரசு எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது. எந்தப் பூசையை எப்படிச் செய்வது என்பதில் வெளியார் தலையிட முடியாது, நிர்வாக உரிமையை அடியோடு பறிக்கவும் முடியாது என்று 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: சீர்கேட்டைச் சரிசெய்ய அரசு நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் திருப்பித் தர வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் துறை பல இடங்களில் தோற்றுப்போகும். அறங்காவலர்களை நியமிக்காமல், இடைக்காலப் பொறுப்பாளரான தக்காரையே ஆண்டுக்கணக்கில் வைத்து ஓட்டுவது சட்டத்தின் நோக்கமல்ல.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மசூதிகளைத் தொடுவதில்லை என்பது சரியல்ல. முஸ்லிம் சமய அறக்கொடைகளான வக்பு சொத்துகளுக்குச் சட்டப்படி அமைந்த வாரியம் உண்டு. அந்தச் சொத்துகளை நிர்வகிக்கும் முத்தவல்லிகள் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், பங்குத்தொகையும் கட்ட வேண்டும். ஆனால் இந்துக் கோயில்களில் செயல் அலுவலரை அமர்த்தி அன்றாட நிர்வாகத்தில் இறங்கும் அளவுக்கு அரசு வேறெங்கும் போவதில்லை. தேவாலயச் சொத்துகளுக்குத் தனி வாரியமே இல்லை. அறக்கட்டளை, சங்கம், கம்பெனி தொடர்பான பொதுச் சட்டங்கள்தான். ஆகவே உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. அதற்குத் தீர்வு கோயில் கணக்கை மூடிவைப்பதல்ல. பொதுமக்கள் பணம் சேரும் எல்லா மத நிறுவனங்களுக்கும் வெளித்தணிக்கை ஒரே அளவில் வேண்டும். அன்றாட நிர்வாகம் பக்தர்களிடமிருந்து வரும் அறங்காவலர்களிடம் போக வேண்டும்.

உண்டியலோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் கோயிலுக்கு எவ்வளவு நிலம், குத்தகை பாக்கி எவ்வளவு, அறங்காவலர் குழு இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று அறநிலையத் துறை உதவி ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.