அங்கன்வாடியில் இருவர் பணி

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பெற்றது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, தாய்மார்களுக்கான நலக்கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு சேவைகளுக்கும் மையத்தில் நாள்தோறும் இருப்பவர்கள் பணியாளரும் உதவியாளருமாகிய இருவரே. துணைச் செவிலியரும் மேற்பார்வையாளரும் அவ்வப்போது வந்து செல்பவர்கள்.

இத்தனை சிறிய குழுவிலும் பணிமுறை வேறுபடுவது ஏன்? அதனை மனப்பாங்கின் குறையாகக் கருதும் அலுவலர் பலர். பொருளாதாரம் பயின்ற எனக்கு அவ்விளக்கம் நிறைவு தருவதில்லை. எது கணக்கிடப்படுகிறதோ அதற்கே மனிதர் தம் நேரத்தை ஒதுக்குகின்றனர். குழந்தையின் எடை, வருகை, உணவு பெற்றோர் எண்ணிக்கை ஆகியவை பதிவேட்டில் ஏறுகின்றன. 2021 முதல் 'போஷண் டிராக்கர்' என்னும் கைபேசிச் செயலியிலும் ஏறுகின்றன. கதை கேட்ட குழந்தை முதன்முறையாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதற்கு அங்கே கட்டம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்கள் வாழும் சிற்றூர் ஒன்றின் மையத்தில் ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். பணியாளர் பள்ளியிறுதி முடித்தவர்; பதிவேடுகளில் ஒரு பிழையும் இல்லை. சுவரிலிருந்த படங்களைக் காட்டி அவர் இந்தியில் பாடம் சொன்னார். குழந்தைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். அவ்வூர்க்காரரான உதவியாளரோ அரிசி களைந்தபடியே கோண்டி மொழியில் கூழாங்கற்களை எண்ணச் சொன்னார். அங்கே ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியே பேசியது. கணக்கில் சண்டையும் மூண்டது. உணவு அரைமணி நேரம் தாமதமாயிற்று. ஆய்வுக் குறிப்பில் பணியாளருக்கு 'நன்று' என்றும், உதவியாளருக்குச் 'சமையலில் கவனம் தேவை' என்றும் எழுதினேன். அன்று மையத்தில் நிகழ்ந்த முன்பருவக் கல்வியையே நான் குறையாகப் பதிந்தேன் என்பது எனக்கு விளங்க நெடுநாள் ஆயிற்று.

பணியாளரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. பதிவேடு பிழைபட்டால் விளக்கம் தர வேண்டியவர் அவரே. மேலும், 2018 அக்டோபரில் உயர்த்தப்பட்ட மத்திய அரசின் மதிப்பூதிய அளவு பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். இரண்டுக்கு ஒன்று என்னும் இவ்விகிதம் அறிவின் விகிதமாகவும் இருவர் மனத்திலும் பதிந்துவிடுகிறது, மேலதிகாரிகள் மனத்திலுந்தான்.

3 முதல் 6 வயதினருக்கான 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் 2024இல் வெளியிடப்பட்டுள்ளது. தாய்மொழிவழிக் கல்வியை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் வலியுறுத்துகிறது. ஆனால் குழந்தையின் மொழி அறிந்தவர் அடுப்படியிலும், அறியாதவர் பாடவேளையிலும் இருக்கும் மையத்தில் இவை நடைமுறைக்கு வருவது எங்ஙனம்? மேற்பார்வையாளர் பதிவேட்டைத் திறக்குமுன் ஒரு மணி நேரம் பேசாது அமர்ந்து, எந்தக் குழந்தை யாரிடம், எந்த மொழியில் பேசுகிறது எனக் கவனித்தல் நன்று. பின்னர் இருவரையும் ஒருங்கே அமர்த்தி, கதைக்கும் எண்ணுக்குமுரிய வேளையில் அடுப்பை யார் பார்ப்பது என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லலாம். மாதக் கூட்டத்திற்குப் பணியாளரை மட்டும் அழைக்கும் இடங்களில் உதவியாளரையும் அழைக்க வேண்டும். அவருடைய பயணப்படிக்கும் முன்னதாகவே ஒதுக்கீடு செய்துகொள்வது அவசியம்.