செயின் லாக்கை நாமே கழற்றலாம், நாமே மாட்டலாம்



பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள், அது காலேஜ் போன பிறகு அம்மா கைக்கு வந்துவிடுகிறது. பால் சொசைட்டி, ரேஷன் கடை, பேங்க், குழுக் கூட்டம் எல்லாத்துக்கும் அந்த வண்டிதான். நடுவழியில் செயின் லாக் கழன்று விழுந்தால் என்ன செய்கிறோம்? கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறோம். கடைக்காரர் இல்லை என்றால் அன்றைய கூலி போச்சு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டது நமக்குத் தெரியும். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிப் பழகியவர்கள் அவர்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஓட்டக் கற்ற நமக்கு ஒரு கிளிப்பைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையா?

வண்டியை ஸ்டாண்டு போட்டு வலது பக்கம் உட்காருங்கள். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே செயினைப் பாருங்கள். எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் மட்டும் மேலே மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் லாக். அந்தத் தகடு பார்க்க மீன் மாதிரியே இருக்கும். ஒரு முனை மூடி உருண்டையாக இருக்கும், அது தலை. இன்னொரு முனை இரண்டாகப் பிளந்திருக்கும், அது வால். இந்த மீனை மறக்காதீங்க, பிறகு வேண்டும்.

முதலில் பின்சக்கரத்தின் இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் செயின் தொளதொளப்பாகும். லாக்கைப் பின் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். கட்டிங் பிளேயரின் ஒரு நுனி மீனின் வாலில் இருக்கட்டும். இன்னொரு நுனி, வால் கவ்வியிருக்கும் ஊசியின் முன்பக்கம் இருக்கட்டும். மெதுவாக அழுத்தினால் மீன் தலைப்பக்கமாக நழுவும். அழுத்தும்போது இன்னொரு கையால் ஒரு துணியை மேலே போர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது துள்ளிப் போய் மண்ணில் விழும், தேடியே பொழுது போய்விடும். அடியில் இருக்கும் பட்டையை எடுத்துவிட்டு, ஊசி இரண்டையும் பின்பக்கமாகத் தள்ளினால் செயின் பிரிந்துவிடும். மூன்று உருப்படியையும் ஒரு மூடியில் போட்டு வையுங்கள்.

செயினை முழுசாக மூடிய கவர் உள்ள வண்டியா? அப்படியே உருவாதீர்கள். செயின் முனையில் நீளக் கயிறு கட்டி உருவினால், கயிறு கவருக்குள் நிற்கும். திரும்ப மாட்டும்போது அதே கயிற்றால் இழுக்கலாம். பாவாடைக்கு நாடா கோர்க்கிற அதே வேலைதான்!

கழற்றிய செயினை மண்ணெண்ணெயில் ஊற வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள் (அடுப்புப் பக்கம் வேண்டாம்). துடைத்து, நன்றாக உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நாளாக நாளாகப் பிசுக்காகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இதே நேரத்தில் டேப் வைத்து ஒரு அளவும் எடுத்துவிடலாம். சாதாரண சைக்கிள் செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

மாட்டும்போது செயினின் இரு முனையையும் பின் பல்சக்கரத்தில் அடுத்தடுத்த பல்லில் உட்கார வையுங்கள். பல்லே பிடித்துக்கொள்வதால் கை இரண்டும் சும்மா இருக்கும். சக்கரப் பக்கத்திலிருந்து ஊசிகளை நுழைத்து, வெளிப்பக்கம் பட்டையைப் போட்டு, மேலே மீனை வையுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். மீன் தலை முன்னால்தானே நீந்தும்? செயின் ஓடும் திசையிலும் தலைதான் முன்னால் போக வேண்டும். மேல் வரிசைச் செயின் முன்பக்கமாக ஓடும். ஆகவே லாக் மேலே இருக்கும்போது தலை முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால், பிளந்த வாய் ஒரு குச்சியிலோ கவரிலோ மாட்டும்போது கிளிப் பிதுங்கி விழுந்துவிடும். மூட்டையோடு மேடு ஏறும்போது செயின் பிரிந்தால் கால் சறுக்கி விழ வேண்டியதுதான். கடையில் மாட்டி வந்தாலும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள், தப்பில்லை. பிளேயரின் ஒரு நுனியைத் தலையிலும் மற்றதை வால்பக்க ஊசியின் பின்புறத்திலும் வைத்து அழுத்துங்கள். 'டிக்' என்று உட்காரும். இரண்டு ஊசியின் பள்ளத்திலும் உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

பிறகு சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முடுக்குங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். டயர் இரண்டு பக்கமும் சம இடைவெளியில் நிற்க வேண்டும். பெடலைச் சுற்றிப் பார்க்கும்போது விரல், முந்தானை, வளையல் எதுவும் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் குழந்தையையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கியர் சைக்கிளின் செயின் மெல்லியது, அதற்கு இந்த லாக் சேராது. நம் சாதாரண வண்டிக்கு ஒரு புது லாக் வாங்கி, சீட்டுக்கு அடியில் சின்னப் பையில் கட்டி வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய லாக்கைக் காட்டி அதே அகலத்தில் கேட்டு வாங்குங்கள்.